வீதியோரத்து இருபது அடி யாருக்குச் சொந்தம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு சிறுபட்டினத்தின் எல்லையிலே, இடம்பெயர்ந்து வந்த சில குடும்பங்கள் குத்தகைக் காணியில் தோட்டம் செய்து வந்தன. அவர்களுள் ஒரு தாய் வாரத்தில் இரண்டு நாட்கள் கத்தரிக்காயும் பயற்றங்காயும் சாக்கில் கட்டிச் சந்தைக்குக் கொண்டு செல்வார். பஸ் வண்டி சந்தை வாசலிலேயே நிற்கும். நடத்துனர் மூட்டையை இறக்கிக் கொடுப்பார். அதிலிருந்து பத்து அடி தூக்கினால் போதும், சந்தை.

ஒரு நாள் அந்த இடத்திலே ஒரு பலகை நாட்டப்பட்டது. சந்தைச் சந்தியில் நெரிசல் கூடிவிட்டதால் பஸ் வண்டிகள் இனி அங்கு நிற்கக்கூடாது என்றும், புதிய தரிப்பிடம் முக்கால் மைலுக்கு அப்பால் அமைக்கப்பட்டுள்ளது என்றும் அது கூறியது. பழைய இடத்தில் வெள்ளைக் கோடுகள் கீறப்பட்டு, கடைகளுக்கு வருவோரின் கார்களும் வான்களும் நிற்க ஒழுங்கு செய்யப்பட்டது. ஒரு மாதம் கழிந்து அந்தத் தாயைச் சந்தித்தேன்.

"வித்த காசில கால்வாசி ஓட்டோக்காரனுக்கே போட்டுது, சுவாமி. சந்தைக்குப் போறதோ விடுறதோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

உள்ளூராட்சிச் சபை அந்தத் தாய்க்கு எதிராக ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்றவில்லை. அவரைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவுமில்லை. வாகன நெரிசலைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ஆனால் அவருடைய வருமானத்தில் கால் பங்கைப் பறித்தது அந்தத் தீர்மானமே. எங்கே வண்டி நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு காசு கொடுக்க வேண்டும் என்பவையெல்லாம் பட்டினத்தாரின் சிறு விவகாரங்கள் என்று நாம் நினைத்துவிடுகின்றோம். உண்மையில் அவை கிராமத்திலிருந்து பட்டினத்திற்கு வருபவர்களின் வயிற்றோடு தொடர்புடைய விவகாரங்கள்.

இந்தப் பிரச்சினை எமக்கு மட்டும் உரியதன்று. எமக்கு முன்னரே மோட்டார் வண்டிகள் பெருகிய நாடுகளில், நகரங்கள் பல இதே கேள்வியோடு நூறு ஆண்டுகளாக மல்லாடி வருகின்றன. அவை எடுத்த சில தீர்மானங்கள் பலன் தந்தன, சில பிழைத்துப் போயின. இரண்டிலிருந்தும் நாம் படித்துக்கொள்ளலாம்.

குதிரைக் கம்பமும் காசு மீற்றரும்

மோட்டார் வண்டி வருவதற்கு முன்னரே இந்தத் தகராறு தொடங்கிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் நடுச் சமவெளியிலே கமக்காரக் குடும்பங்கள் சனிக்கிழமைகளில் குதிரை வண்டி கட்டிக்கொண்டு பட்டினத்திற்கு வருவது வழக்கம். முட்டையும் வெண்ணெயும் கொடுத்து, சீனியும் துணியும் வாங்கிச் செல்வார்கள். பட்டினத்தின் நடுச் சதுக்கத்தைச் சுற்றிக் குதிரைகளைக் கட்டுவதற்குக் கம்பங்கள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாணத்தையும் ஈயையும் காரணம் காட்டிப் பல பட்டினங்கள் அந்தக் கம்பங்களைப் பிடுங்க முற்பட்டன. கமக்காரர் எதிர்த்தார்கள். தங்கள் குதிரைக்கு இடமில்லாத ஊரில் தங்களுக்கும் அலுவல் இல்லை என்பதே அவர்களுடைய வாதம். வியாபாரம் குறைந்துவிடும் என்று அஞ்சிய வர்த்தகர் சிலரும் அவர்கள் பக்கம் நின்றார்கள்.

பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன. ஒக்லஹோமா மாநிலத்தின் தலைநகராகிய ஒக்லஹோமா நகரிலே 1930களில் ஒரு விசித்திரமான நிலை காணப்பட்டது. கடைவீதியின் ஓரமெல்லாம் காலையிலிருந்து மாலை வரை வண்டிகள் நின்றன. ஆனால் கடைக்குள்ளே வாங்குவோர் குறைவு. காரணம் யாதெனில், அந்த வண்டிகளிற் பெரும்பாலானவை கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்தவர்களுடையவை. அவர்கள் காலையில் வந்து நிறுத்திவிட்டு மாலையில்தான் எடுப்பார்கள். வாங்க வருபவர் நிற்க இடமின்றித் திரும்பிப் போனார். இட நெருக்கடிக்குக் காரணமானவர்களும் அதனால் நட்டமடைந்தவர்களும் ஒரே கடைக்காரர்தாம்!

இதற்குப் பரிகாரம் தேடும்படி அந்நகர வர்த்தக சங்கத்தினர் கார்ல் மகீ என்ற பத்திரிகையாசிரியரைக் கேட்டுக்கொண்டனர். ஒக்லஹோமாவில் இருந்த பொறியியற் பேராசிரியர்களின் உதவியோடு அவர் உருவாக்கியதுதான் தரிப்பிட மீற்றர். காசு போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால், குறித்த நேரம் வரை வண்டி நிற்கலாம். நேரம் முடிந்ததும் அது காட்டிக்கொடுக்கும். 1935 யூலை 16ஆம் திகதி உலகின் முதலாவது மீற்றர் அங்கே நாட்டப்பட்டது. வீதியோரத்தை 20 அடித் துண்டுகளாகப் பிரித்து, மணிக்கு 5 சதம் அறவிட்டார்கள். மீற்றர் இருந்த பக்கத்தில் வண்டிகள் வந்து வந்து போவதைக் கண்டு, எதிர்ப்பக்கத்துக் கடைக்காரரும் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினர்.

இந்தப் புதிய சட்டத்தின் கீழ் முதன்முதலாக நீதிமன்றத்திற்கு இழுக்கப்பட்டவர் ஒரு போதகர் என்பது எம் போன்றோருக்குச் சற்று வெட்கமான செய்தி. மீற்றரில் போடுவதற்குச் சில்லறை மாற்றக் கடைக்குள் சென்றேன், திரும்பி வருவதற்குள் தண்டத் துண்டு வைத்துவிட்டார்கள் என்று அவர் முறையிட்டார். நீதிபதி அவரை விடுவித்துவிட்டார்.

ஆனால் அதே 1935ஆம் ஆண்டிலே அதே மாநிலத்தின் வயல்களில் நடந்ததையும் நாம் மறக்கலாகாது. ஏப்பிரல் 14ஆம் திகதி, மீற்றர் நாட்டப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், பகலை இரவாக்கிய பெரும் புழுதிப் புயல் அந்தச் சமவெளியைத் தாக்கியது. தொடர் வரட்சி, மண்ணரிப்பு, பருத்தியின் விலைவீழ்ச்சி, வாரக்குடிகளை எழுப்பிவிட்டு உழவு இயந்திரம் வாங்கிய நிலச்சொந்தக்காரர் என எல்லாம் சேர்ந்து இலட்சக்கணக்கானோரை ஊரைவிட்டுக் கிளப்பின. தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். இடம்பெயர்வது என்றால் என்ன என்று எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. நகரம் இருபது அடி வீதியோரத்திற்கு விலை குறித்த அதே ஆண்டிலே, கமக்காரன் நூறு ஏக்கரை விட்டுப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு செய்திகளும் ஒரே பத்திரிகையில் அருகருகே வந்திருக்கக்கூடும். ஆனால் வீதியோரத்தைப் பற்றிப் பேசிய சபைகளிலே இந்த இரண்டாவது மனிதனுக்கு இடமிருக்கவில்லை.

கமக்காரரின் வாக்கு

அவனுக்கும் வாக்குக் கிடைத்தால் என்ன நடக்கும்? இதற்கு விடை வட டக்கோட்டா மாநிலத்திலே கிடைத்தது. கோதுமை விளையும் அந்த மாநிலத்தில் கிராமத்து மக்களே அக்காலத்திற் பெரும்பான்மையினர். மைனொட் என்ற பட்டினத்துக்கு வந்த கமக்காரர் ஒருவருக்கு மீற்றரினால் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் கோபத்தோடு வீட்டிற்குப் போய்ச் சும்மா இருந்துவிடவில்லை. ஊரூராகக் கையொப்பம் சேர்த்தார். 1948இல் அந்த விடயம் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வீதிகளில் தரிப்பிட மீற்றர் வைப்பதையே மாநிலம் முழுவதிலும் மக்கள் தடைசெய்தார்கள். அந்தத் தடை பல பத்து ஆண்டுகள் நீடித்தது.

கமக்காரர் வென்றார்கள் என்று நாம் மகிழலாம். ஆனால் முழுக் கதையையும் பார்த்தல் வேண்டும். மீற்றர் போனாலும் நெரிசல் போகவில்லை. மீற்றர் இல்லாத பட்டினங்கள் 'இரண்டு மணித்தியாலம் மட்டும்' என்று பலகை நாட்டின. நேரத்தைக் கணக்கிட, அதிகாரிகள் வண்டிச் சக்கரத்தில் வெண்கட்டியால் அடையாளம் இட்டுச் சென்றனர். திரும்பி வரும்போது அடையாளம் அப்படியே இருந்தால் தண்டம். இந்த வெண்கட்டி அடையாளமும் வழக்குக்குப் போயிற்று. மிச்சிகன் மாநிலத்தின் சாகினோ என்ற சிறு நகரத்தைப் பற்றிய வழக்கொன்றில், அனுமதியின்றி ஒருவருடைய வண்டிச் சக்கரத்தில் இவ்வாறு அடையாளம் இடுவது அரசியலமைப்பு அனுமதிக்காத சோதனையாகும் என்று 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கட்டணத்தை எதிர்ப்பது இலகு. ஆனால் இடம் குறைவாகவும் வண்டி கூடுதலாகவும் உள்ள இடத்தில் ஏதோ ஒன்று பங்கீடு செய்யத்தான் போகிறது. காசு பங்கீடு செய்யாவிட்டால் நேரம் பங்கீடு செய்யும். நேரமும் செய்யாவிட்டால் முந்தி வந்தவன் செய்வான். முந்தி வருபவன் பெரும்பாலும் பட்டினத்தில் வசிப்பவன். விடியற்காலையில் மாடு கறந்து, தண்ணீர் இறைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வருபவன் அல்லன்.

வண்டிகளை வெளியேற்றிய வீதி

அப்படியானால் வண்டிகளையே வெளியே நிறுத்திவிட்டால் என்ன? இந்த யோசனையை அமெரிக்காவில் முதலிற் செயற்படுத்தியது கலமசூ என்ற நகரம். 1960இல் அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 82,000. அதற்குத் திட்டம் வரைந்தவர் விக்டர் குரூன் என்ற கட்டடக் கலைஞர். அவரும் ஓர் அகதியே. வியன்னா நகரில் பிறந்த யூதரான அவர், 1938இல் நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். தாம் இழந்த நகரின் வீதிகளிலே மக்கள் ஆறுதலாக நடந்து பேசித் திரிந்ததை அவர் மறக்கவில்லை.

1959 ஆகஸ்டில் கலமசூவின் பேர்டிக் வீதியிலே இரண்டு சந்திகளுக்கு இடைப்பட்ட பகுதிகள் இரண்டு மூடப்பட்டு, புல்லும் மரமும் நாட்டப்பட்டன. சனம் திரண்டு வந்தது. ஏனைய நகரங்கள் பார்த்துப் பின்பற்றின. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 200 அமெரிக்க நகரங்கள் தத்தம் கடைவீதிகளை நடப்போருக்கென ஒதுக்கின. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. கலமசூவிலும் 1998இல் ஒரு பகுதி மீண்டும் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

ஏன் தோற்றது? வீதியை மூடினார்கள், ஆனால் நகரத்தின் மற்றைய போக்கை மாற்றவில்லை. மக்கள் வீடுகளை நகருக்கு வெளியே கட்டிக்கொண்டு போனார்கள். பெரும் அங்காடிகளும் விசாலமான இலவசத் தரிப்பிடங்களோடு வெளியே எழுந்தன. புதிய கடையோ கட்டடமோ கட்டுபவர் இத்தனை வண்டிகளுக்கு இடம் விட்டே ஆகவேண்டும் என்று நகரசபைகள் சட்டம் இயற்றின. இதனால் நடுப்பட்டினங்களில் நல்ல பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு வெறும் தரிப்பிடங்களாயின. நடந்து போவதற்கு வீதி இருந்தது. போய்ச் சேர்வதற்குத்தான் ஒன்றும் இல்லாமற் போயிற்று. விசித்திரம் என்னவென்றால், அத்தகைய மூடிய பேரங்காடியை 1956இல் முதன்முதலில் வடிவமைத்தவரும் இதே குரூன்தான். தமது முதிர்ந்த வயதில் அவர் வியன்னாவுக்குத் திரும்பி, தமது பெயரால் எழுந்த அங்காடிகளைத் தாமே கண்டித்துப் பேசினார்.

அந்தக் காசு எங்கே போகிறது?

வீதியோரத்தைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர் டொனால்ட் சூப் என்ற நகரத் திட்டமிடற் பேராசிரியர். 2025இல் காலமான இவர், 2005இல் இதுபற்றி ஒரு பெரிய நூலையே எழுதினார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பதினைந்து வீதித் துண்டுகள் மட்டுமே கொண்ட ஒரு சிறு கடைப்பகுதியை அவர் ஆராய்ந்தார். அங்கே மலிவான தரிப்பிடம் தேடிச் சுற்றும் வண்டிகள் மட்டும் ஆண்டொன்றிற்கு 950,000 மைல் ஓடுகின்றன என்று கணக்கிட்டார். வீதியில் நாம் காணும் நெரிசலில் ஒரு பங்கு எங்கேயோ போகிறவர்களால் உண்டாவதன்று. வந்து சேர்ந்தும் நிற்க இடம் கிடையாமல் சுற்றுபவர்களால் உண்டாவது.

அவர் அடிக்கடி காட்டிய உதாரணம் கலிபோர்னியாவில் உள்ள பசடீனா நகரின் பழைய கடைப்பகுதி. ஒரு காலத்திற் செழித்திருந்த அப்பகுதி பின்னர் பாழடைந்து, கடைகள் பூட்டிக் கிடந்தன. வீதியோரத் தரிப்பிடங்களை, ஒக்லஹோமாவிற் போலவே, கடைகளில் வேலை செய்பவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். நகரசபை மீற்றர் வைக்கப் போகிறோம் என்றதும் கடைக்காரர் எதிர்த்தனர். உள்ள சனமும் ஓடிவிடும் என்றனர். இரண்டு ஆண்டுகள் வாதம் நடந்தது. இறுதியில் நகரசபை ஒரு வாக்குறுதி கொடுத்தது: இந்த மீற்றர்களில் விழும் காசு நகரசபையின் பொதுப் பெட்டிக்குள் போகாது, இதே வீதிகளுக்கே திரும்பி வரும். அதன் பின்னர் எதிர்ப்பு ஆதரவாக மாறிற்று.

1993இல் மணிக்கு ஒரு டொலர் வீதம் மீற்றர்கள் வைக்கப்பட்டன. வரப்போகும் வருமானத்தை நம்பி நகரசபை 50 இலட்சம் டொலர் கடன் எடுத்து, நடைபாதைகளைத் திருத்தி, மரம் நாட்டி, விளக்குப் போட்டு, இருண்ட ஒழுங்கைகளை நடக்கத்தக்கவையாக்கியது. கடனை மீற்றர்க் காசு அடைத்தது. காசை எதற்குச் செலவிடுவது என்று ஆலோசனை கூற அப்பகுதியினரைக் கொண்ட ஒரு குழுவும் இருந்தது. மக்கள் திரும்பி வந்தார்கள்.

இங்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பகுதி செழித்ததும் வாடகை ஏறியது. பெரும் கம்பனிகளின் கிளைக்கடைகள் வந்தன. பழைய சிறு கடைக்காரர் சிலரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆயினும் ஒரு பாடம் தெளிவானது. கட்டணத்தை மக்கள் வெறுப்பது காசுக்காக மட்டுமன்று. கொடுத்த காசு எங்கே போயிற்று என்று தெரியாததற்காகவே கூடுதலாக வெறுக்கின்றார்கள்.

வைத்தியர் ஒருவர் நகரத் தலைவரானபோது

இப்போது ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலைக்குச் செல்வோம். பொன்டெவேட்ரா என்ற நகரில் ஏறத்தாழ 83,000 பேர் வாழ்கின்றனர். அன்றைய கலமசூவின் அளவுதான். 1990களிலே அதன் பழைய நகர்ப்பகுதி வாகனப் புகையிலும் இரைச்சலிலும் மூழ்கிக் கிடந்தது. இளங்குடும்பங்கள் அங்கிருந்து வெளியேறின. 1999இல் மிகெல் ஆன்சோ பெர்னாண்டஸ் லோரஸ் என்ற வைத்தியர் நகரத் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார். அவருடைய அடிப்படை வாதம் எளிமையானது. ஒருவர் ஒரு வண்டியை வாங்கிவிட்டார் என்பதற்காகப் பொது இடத்தைப் பிடித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு வந்துவிடாது.

பதவியேற்றவுடனேயே பழைய நகர்ப்பகுதியின் 300,000 சதுர மீற்றர் பரப்பு நடப்போருக்கு ஒதுக்கப்பட்டது. நகரைக் குறுக்கறுத்துப் போகிறவர்களும் தரிப்பிடம் தேடிச் சுற்றுபவர்களுமே நெரிசலுக்கு மூலகாரணம் என்று கண்டார்கள். எனவே குறுக்கே போகும் வழியை அடைத்தார்கள். நடுப்பகுதி வீதியோரத் தரிப்பிடங்களை அகற்றி, நகர ஓரத்தில், நடந்து வரக்கூடிய தூரத்தில், இலவசத் தரிப்பிடங்களை அமைத்தார்கள். ஆனால் எல்லா வண்டிகளையும் அவர்கள் தடைசெய்யவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். சாமான் இறக்க வருபவர், நோயாளியை ஏற்ற வருபவர், அங்கேயே வசிப்பவர் ஆகியோர் வரலாம், அலுவலை முடிக்கலாம், போகலாம். வண்டியை அங்கே விட்டுவிட்டுப் போவதற்கு மட்டுமே இடமில்லை.

பலன் என்ன? 1996க்கும் 2006க்கும் இடையில் எந்த வீதிகளில் விபத்தினால் 30 பேர் இறந்தார்களோ, அதே வீதிகளில் அடுத்த பத்து ஆண்டுகளில் மூவரே இறந்தனர். நடுநகரில் புதிதாகப் பன்னிரண்டாயிரம் பேர் குடியேறினர். பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கூடம் நடந்து போகின்றனர். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நெரிசல் நகர ஓரத்திற்குத் தள்ளப்பட்டுவிட்டது என்ற முறைப்பாடு உண்டு. ஆயினும் லோரஸ் 2023இல் நடந்த தேர்தலிலும் தெரிவாகித் தலைவராகத் தொடர்ந்தார்.

கலமசூ தோற்ற இடத்தில் பொன்டெவேட்ரா ஏன் வென்றது? என் எண்ணத்தில் இரண்டு காரணங்கள். ஒன்று, அங்கே மக்கள் நடுநகரிலேயே வசித்தார்கள். நகருக்கு வெளியே பேரங்காடிகள் எழுவதற்குச் சபை இடம் கொடுக்கவும் இல்லை. மற்றது, அவர்கள் 'வண்டியை எங்கே நிறுத்துவது?' என்ற கேள்வியோடு தொடங்கவில்லை. 'இங்கே யார் யார் எதற்காக வருகின்றார்கள்?' என்ற கேள்வியோடு தொடங்கினார்கள். மூட்டை இறக்க வருபவரையும் நாள் முழுதும் வண்டியை விட்டுச் செல்பவரையும் அவர்கள் வேறுபடுத்திப் பார்த்தார்கள். எமது சந்தைத் தாய்க்குக் கிடைக்காதது இந்த வேறுபாடே.

நாம் செய்யக்கூடியவை

எமது நாட்டிலும் வீதியோரமும் சந்தையும் உள்ளூராட்சிச் சபைகளின் அலுவல்களே. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை என்று சொல்வதற்கு இனி இடமில்லை. இடம்பெயர்ந்தவர்கள் பலருடைய வாக்கு வேறு ஊரிலே பதிவாகியிருக்கும் என்பது உண்மை. ஆனால் வாக்கு இல்லாவிட்டாலும் வாய் உண்டு, கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைகளும் எம்மிடம் உண்டு. உங்கள் பட்டினத்தில் தரிப்பிடம் பற்றிய பேச்சு எழும்போது பின்வரும் ஐந்து கேள்விகளை உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கலந்துரையாடுங்கள்.

1. இந்த இடம் யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது? 20 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள ஓரிடத்தில் ஒரு கார் நிற்கும். அதே இடத்தில் பத்துத் துவிச்சக்கர வண்டிகள் நிற்கும், அல்லது நாலைந்து பேர் சாக்கு விரித்து மரக்கறி விற்பார்கள். கார் நிற்கக்கூடாது என்பதல்ல. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்திருத்தல் வேண்டும்.

2. நாள் முழுதும் நிற்பவர் யார்? இதை ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள். சந்தை நாளொன்றில் இரண்டு இளைஞர்கள் ஓர் அப்பியாசக் கொப்பியோடு காலை 7 மணி முதல் நண்பகல் வரை நிற்கட்டும். ஒவ்வொரு அரைமணித்தியாலமும் அதே வீதியில் நடந்து, நிற்கும் வண்டிகளின் இலக்கங்களை எழுதட்டும். ஒரே இலக்கம் எத்தனை முறை வருகிறது என்பதே விடை. சந்தை வாசலில் இன்னும் இருவர் நின்று, பஸ்ஸில் வந்தோர், துவிச்சக்கர வண்டியில் வந்தோர், நடந்து வந்தோர், காரில் வந்தோர் என்று எண்ணட்டும். இப்படி எண்ணிய ஒரு தாள் பத்து மகஜர்களுக்குச் சமம்.

3. மூட்டை இறக்கி ஏற்ற எவ்வளவு நேரம், எந்த இடம்? உற்பத்தியாளருக்கு நாள் முழுவதும் தரிப்பிடம் தேவையில்லை. காலையிலும் மாலையிலும் சில நிமிடங்களே தேவை. அதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

4. கட்டணம் அறவிட்டால் அந்தக் காசு எங்கே போகிறது? கேள்விமனு மூலம் குத்தகைக்கு விடப்படுமானால் எவ்வளவுக்கு, எவ்வளவு காலத்திற்கு? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் சபையின் தகவல் அலுவலரிடம் இதை எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவித்தல் வேண்டும். பசடீனாவிற் போல, சந்தையில் அறவிடும் காசிற் சந்தைக்குத் தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் கேட்பது நியாயமே.

5. இது பரீட்சார்த்தமா, நிரந்தரமா? எந்தப் புதிய ஒழுங்கையும் மூன்று மாதங்களுக்கு நடத்திப் பார்த்து, திகதி குறித்து மீளாய்வு செய்யும்படி கேளுங்கள். கோடு கீறிய பெயின்றை அழிப்பது இலகு. கட்டிய சீமெந்தை உடைப்பது கடினம்.

இறுதியாக

அந்தத் தாயின் கதைக்குத் திரும்புகிறேன். அவரும் அயலவர் சிலரும் சேர்ந்து இரண்டு சந்தை நாட்கள் எண்ணிப் பார்த்தார்கள். பஸ் நின்ற பழைய இடத்தில் நின்ற வண்டிகளில் அரைவாசிக்கு மேல் காலையிலிருந்து நகரவே இல்லை. அவை சுற்றியிருந்த கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் உரியவை. சந்தைக்கு வந்தவர்களிற் காரில் வந்தவர் மிகச் சிலர். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நாம் சபைக்குப் போனோம். தவிசாளர் அதை இரண்டு முறை வாசித்தார். "இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல.

சந்தை நாட்களில் காலை 6 மணி முதல் 8 மணி வரை பஸ் வண்டிகள் சந்தை வாசலில் நின்று மூட்டை இறக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பின்னேரம் திரும்பிப் போக அவர் இன்னமும் முக்கால் மைல் நடக்கத்தான் வேண்டும்.

"வெறும் சாக்கோட நடக்கிறது பெரிய காரியமில்லை, சுவாமி" என்றார் அந்தத் தாய். "பின்னேர பஸ்ஸுக்கும் ஒருக்கா எண்ணிக் கொண்டு போவம்."